ஞாயிற்றுக்கிழமை மழை

நிஷாந்திக்கு அறுந்த கோட்டைக் கண்டால் ஆகாது. பள்ளிக்கூடக் காலத்தில் வரைபுத்தாளில் புள்ளிகளை இணைக்கும்போது பென்சில் ஒரு மயிரிழை விலகினாலும் முழுத்தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவாள். கணித டீச்சர் அந்தத் தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இப்படி இருக்கணும் வேலை" என்பார். டீச்சர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கு எந்தப் பாராட்டு எந்த இடத்தில் போய் முடியும் என்று யார் கண்டார்கள்?

கினிகத்தேனையிலிருந்து ஏறிப் போகிற பாதையில், பஸ் போகாத கடைசி நாலு மைலுக்கு அப்பால் இருக்கிறது நாவல்கல் தோட்டம். மேல் லயத்து வீட்டு வரிசையில் நிஷாந்தியும் அவளுடைய அம்மா மீனம்மாவும் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். மீனம்மா தேயிலைக் கொழுந்து பறித்தே மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தாள். மூன்று பாடமும் பாஸ். கெம்பஸில் இடம் மட்டும் கிடைக்கவில்லை, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டது. ஹட்டனில் கணினி வகுப்புக்குப் போய்வந்தாள். பிறகு தோட்ட ஆபீசிலேயே கொழுந்து நிறையைக் கணினியில் பதிகிற வேலை கிடைத்தது. மலையிறங்கிப் போகாமல் நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறாளே, அதுவே பெரிது என்று மீனம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

மகளுக்கு அது பெரிதாகப் படவில்லை. இருபத்தேழு வயது, நாள் முழுக்க எண்களைத் தட்டுகிறாள், அந்த எண்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் கவலை இல்லை. அந்த எரிச்சலில்தான் போனில் இலவச வகுப்பு ஒன்றைப் பார்த்துப் பைதன் என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியில் செய்து பார்த்தாள். படம் வரைவதற்கென்றே யாரோ எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு ஒன்று அதில் இருந்தது, மேட்பிளாட்லிப் என்று பெயர். திகதிகளை ஒரு பட்டியலாகவும் எண்களை இன்னொரு பட்டியலாகவும் கொடுத்து, வரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோடு வந்து நிற்கும். முதல் தடவை வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றுதான்.

தமிழில் தலைப்புப் போடப் பார்த்தாள். எழுத்துக்குப் பதில் சதுரம் சதுரமாக வந்தது. வேறு எழுத்துரு இறக்கிப் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு இங்கிலீஷிலேயே போட்டுவிட்டாள். லயத்தில் யார் இதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

இனி மழைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் முற்றத்தில் மழை அளக்கிற செப்பு உருளை ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிற்கிறது. ஆபீஸ் ஆள் இராமையா காலையில் ஆறரைக்கு, பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கலைகிற நேரம் அதைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து, நீளக் கொப்பியில் அன்றைய திகதிக்கு நேரே எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, ஆபீசும் இல்லை. ஆகையால் ஞாயிறு வரி எப்போதும் வெறுமையாக இருக்கும். சனிக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை இரண்டு நாள் பெய்ததெல்லாம் உருளைக்குள்ளேயே கிடந்து, திங்கட்கிழமை வரியில் ஒரே எண்ணாக ஏறும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். தோட்டத்தில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் மழை எப்போது பெய்தது என்று தெரிந்துகொள்ள யாரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அவரவர் கூரை சொல்லும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிடித்த மழை விளக்கு வைக்கிற நேரம் வரை வானத்தைத் திறந்துவிட்டது போலக் கொட்டியது. கீழ் லயத்தில் பதினான்கு குடும்பங்கள். அந்த லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. அதன் உச்சியில் அன்று ஒரு விரல் போகிற அகலத்தில் நீளமாக வெடிப்பு ஓடியது. நடுக் காம்பராவில் இருந்த ராசம்மாவின் அடுப்பெரிக்கிற குசினிச் சுவரும் மேலிருந்து கீழாக விரிந்தது. திங்கட்கிழமை காலை இராமையா உருளையைத் திறந்து, குழாயில் திரும்பத் திரும்ப ஊற்றி அளந்து, புத்தகத்தில் எழுதினார்: இருநூற்று இருபத்துநான்கு மில்லிமீற்றர்.

அதற்குப் பிறகு கீழ் லயத்து ஆட்களுக்கு ஒரே பேச்சுத்தான். மேலே கோயிலுக்குப் பக்கத்துத் தட்டையான காணியில் தகரக் கொட்டகையாவது போட்டுத் தங்களை ஏற்றிவிட வேண்டும், கார்த்திகை மழைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும். மனு எழுதினார்கள், கையெழுத்து வைத்தார்கள். ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வருவார், வெடிப்பைப் பார்வையிடுவார், ஒரு வருஷத்து மழைப் பதிவையும் பார்ப்பார். வெடிப்பு இருந்து, ஒரு நாளில் நூற்றைம்பது மில்லிமீற்றருக்கு மேல் மழையும் பெய்திருந்தால் முதல் பட்டியல். முதல் பட்டியல்காரர்கள் இந்த வருஷமே போகலாம். மற்றவர்கள் இரண்டாம் பட்டியல், அடுத்த வருஷம்.

அதிகாரி கேட்டது புத்தகத்தைத்தான். படம் யாரும் கேட்கவில்லை. இதை மறக்கக் கூடாது. நிஷாந்தியேதான் பெரிய கிளாக்கரிடம் போய், "நா அழகா கிராப் போட்டுத் தர்றேங்க சேர், பாத்தவொடனே வெளங்கிரும்" என்றாள். அவர் தலையை நிமிர்த்தாமல், "போடு, போடு" என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் எண்களையும் பதிந்தாள். கோடு வரைந்து பார்த்தால் வாரத்துக்கு ஒரு இடத்தில் அறுந்து நின்றது. எண் இல்லாத இடத்தில் அந்தத் தொகுப்பு கோடு போடாது, விட்டுவிட்டுத்தான் போகும். பொய் சொல்லத் தெரியாத சாமான் அது. நிஷாந்திக்கோ பார்க்கப் பார்க்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. வகுப்பு வீடியோவில் வழி இருந்தது: விடுபட்ட நாளைப் பக்கத்து நாளிலிருந்து நிரப்பலாம். திங்கட்கிழமை எண்ணில் பாதியை எடுத்து ஞாயிற்றுக்குக் கொடு என்று ஒரே வரிதான் எழுதினாள். ஐம்பத்திரண்டு ஞாயிறும் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிட்டன. அப்படிச் செய்தபோது ஜூன் மாதத்து இருநூற்று இருபத்துநான்கும் நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டாகப் பிளந்தது. நீல நிறத்தில் கோடு பிசிறில்லாமல் ஓடியது. கடைசியாக நூற்றைம்பதில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். நீலம் எங்கேயும் சிவப்பைத் தொடவில்லை என்பது அவள் கண்ணில் பட்டது. பட்டும், வெடிப்பைப் பார்த்தாலே அதிகாரிக்கு விளங்காதா, மழைக்கணக்கு ஒரு பேச்சுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின சாயந்தரம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ராசம்மா குடத்தோடு நின்றாள். நாற்பத்தெட்டு வயது, வாயாடி, கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே முதல் ஆள். நிஷாந்தி போனை நீட்டிப் படத்தைக் காட்டினாள். ராசம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கிப் பார்த்தாள்.

"எல்லாம் இங்கிலீசுல இருக்கே தாயி. எங்க செவுரு வெடிச்ச ஞாயித்துக்கெழம எது?"

நிஷாந்தி விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "இந்தா, இதுதாங்க அத்த. இந்த ஒசந்த எடம்."

"இது தட்டையால்ல இருக்கு, ரெண்டு நாளு பேஞ்ச மாதிரி?"

"ஆமாங்க. ஞாயிறு பாதி, திங்க பாதி. புத்தகத்துல சனிக்கெழம காலையிலேருந்து சேந்து கெடக்குது, அதப் பிரிச்சுப் போட்டிருக்கேன்."

ராசம்மா நெற்றியைச் சுருக்கினாள். "சனிக்கெழம எங்க தாயி பேஞ்சிச்சு? அன்னிக்கு நா கம்பிளியெல்லாம் தொவச்சுக் காயப் போட்டேன், மொறமொறன்னு காஞ்சிருச்சு. எல்லாம் ஞாயித்துக்கெழம ஒரே பொழுதுல ஊத்துனதுதான்."

"அது கணக்குங்க அத்த. அப்படித்தான் போடணும்."

"என்னமோ, நீ படிச்ச புள்ள. சரியாத்தான் இருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ராசம்மா சொன்னது சரி என்று நிஷாந்திக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது அவளுக்கும் நினைவிருந்தது. மாற்ற வேண்டுமென்றால் இரண்டு எண்களை மாற்றினால் போதும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கணக்கு, மற்ற ஐம்பத்தொன்றுக்கு வேறு கணக்கா என்று நினைத்தாள். கம்பளி காய்ந்ததை ஆதாரம் என்று எந்தத் தாளில் எழுதுவது? அன்றைக்கு அவள் தூங்கப் போய்விட்டாள். நன்றாகத் தூங்கியும் விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி சிங்களவர், இளைஞர், நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். அந்த வசதியும் இல்லை. சேற்றில் இறங்கி வெடிப்பைப் பார்த்தார், ராசம்மாவின் சுவரைப் படம் எடுத்தார், அவள் கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். பிறகு ஆபீசுக்கு வந்தார். மேசையில் மழைப் புத்தகமும் இருந்தது, பக்கத்தில் நிஷாந்தி அச்செடுத்து வைத்த படமும் இருந்தது. அவர் கை படத்துக்குத்தான் போனது. யாருடைய கையும் அதற்குத்தான் போயிருக்கும். ஈரம் பட்டு ஊதிப்போன கொப்பியை யார் புரட்டுவார்கள்?

"ஹரி லஸ்ஸனய்" என்றார். மிக அழகு. "இதை யார் செய்தது? நீயா தங்கச்சி? எங்கள் ஆபீசிலேயே இப்படிச் செய்ய ஆள் இல்லை." அடுத்த வருஷம் ஆள் எடுக்கப் போகிறார்கள், விண்ணப்பம் அனுப்பு என்று தன் மின்னஞ்சலை எழுதிக் கொடுத்தார். நிஷாந்திக்குக் காது சூடாகிவிட்டது. கதவோரத்தில் நின்ற ராசம்மாவுக்கும் அவள் புருஷன் அழகுமுத்துவுக்கும் சிங்களம் நன்றாகவே விளங்கும். தங்கள் வீட்டுப் பெண்ணைப் புகழ்ந்தது போல இருவரும் சிரித்தார்கள்.

அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அதிகாரி படத்தில் விரலை ஓட்டினார். "ஆகக் கூடியது நூற்றுப் பன்னிரண்டு. சிவப்பைத் தாண்டவில்லை." சொல்லிக்கொண்டே படிவத்தில் ஓர் இடத்தில் சரி போட்டார்.

நிஷாந்தி வாயைத் திறந்தாள். சேர், அது இருநூற்று இருபத்துநான்கு, நான்தான் பிரித்தேன், புத்தகத்தைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் சொல்ல அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இப்போது சொன்னால் படம் தப்பாகிவிடும். லஸ்ஸனய் என்றவர் முகம் மாறிவிடும். எண்ணில் கைவைத்தவள் என்று நினைப்பார். வாயை மூடிக்கொண்டாள். ஜீப் பொல்பிட்டியப் பக்கம் இறங்கிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் படத்தைத் திருத்தி, புத்தகப் பக்கத்தையும் போனில் படமெடுத்து, எல்லாவற்றையும் விளக்கி அவருக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். பட்டியல் மேலே போய்விட்டது, நாவல்கல் கீழ் லயம் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, திருத்தத்தை அடுத்த வருஷ மதிப்பீட்டில் கட்டாயம் சேர்த்துக்கொள்கிறோம். அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. அடுத்த வருஷம் வராமலா போகப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் செய்ததிலேயே மன்னிக்க முடியாதது இதுதான். சொல்லியிருந்தால் கீழ் லயத்து ஆட்கள் ரோட்டை மறித்தாவது இருப்பார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்தாவது இருப்பார்கள். நல்ல செய்திக்காகக் காத்திருக்கிறவர்களாகவே அவர்களை வைத்திருந்தது அவளுடைய வாய்தான்.

நவம்பர் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை. வியாழக்கிழமை தோட்டத்தில் வேலை கொடுக்கவில்லை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். காலை பத்தரை மணிக்கு மேட்டு மண் இறங்கியது. மேல் லயத்தில் நின்றவர்கள் முதலில் கேட்டது மரம் முறிகிற சத்தம். வாசல் இஸ்தோப்பிலிருந்து நிஷாந்தி பார்த்தபோது கீழ் லயத்தின் இரண்டு ஓரமும் இருந்தன, நடு இல்லை. ஐந்து பேர். ராசம்மாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அழகுமுத்து அந்த நேரம் பாண் விற்கிற வண்டி வருகிறதா என்று பார்க்க மேல் ரோட்டுக்குப் போயிருந்தார், அதனால் இருக்கிறார்.

மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மேல் லயத்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். நிஷாந்தி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெயர்ப் பட்டியல் எழுது என்றார்கள், எழுதினாள். பதினொன்றாம் நாள் பகல், சாப்பாட்டு வரிசை கலைந்த பிறகு அழகுமுத்து அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் படம் ஒங்கிட்ட இருக்கா புள்ள?"

"எந்தப் படங்க மாமா?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"மழப் படம். அவ எல்லாருகிட்டயும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. நம்ம செவுரு வெடிச்ச நாளு கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு, அந்த மாத்தயா பாத்துட்டாரு, இனி மேல கொண்டு போயிருவாங்கன்னு. சாமானெல்லாம் மூட்ட கட்டி வச்சிருந்தா. கம்பிளியக்கூட வெளிய எடுக்க விடல. அவ போட்டோ ஒண்ணும் இல்ல, எல்லாம் மண்ணோட போயிருச்சு. அதயாவது பாக்கலாம்னு."

நிஷாந்தி போனை எடுத்தாள். திருத்திய படத்தைக் காட்டினாள். நீலக்கோடு ஜூன் மாதத்தில் ஓரிடத்தில் சிவப்புக்கு வெகு மேலே தொடங்கி, அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வாரத்துக்கு ஒரு இடத்தில் அறுந்து கிடந்தது. இப்போது அவள் எந்த இடத்தையும் நிரப்பவில்லை.

"இதுதானா அந்த ஞாயித்துக்கெழம?" என்று அந்த உச்சியைத் தொட்டார். "செவப்பத் தாண்டித்தானே இருக்கு. தாண்டுனா மொதப் பட்டியலுன்னாங்களே? இதத்தானே அவருக்குக் குடுத்த?"

பொய் சொல்லலாம். ஆமாங்க மாமா, கொடுத்தேன், அவர்கள்தான் கவனிக்கவில்லை என்றால் அவர் நம்பிவிடுவார். மண்டபம் முழுக்க நம்பிவிடும். அது எவ்வளவு லேசாக இருக்கும் என்று ஒரு நொடி அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

"இல்லங்க மாமா" என்றாள். பழைய படத்தை எடுத்துக் காட்டினாள். பிசிறில்லாத கோடு, சிவப்புக்குக் கீழே. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள், வந்த பதிலையும் சொன்னாள். அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. திட்டட்டும், அடிக்கட்டும், எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அழகுமுத்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரல் போனில் சரியாகப் படாமல் படம் நழுவி நழுவிப் போனது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சனிக்கெழம மழ இல்லயே புள்ள. அன்னிக்கு அவ கம்பிளி காயப் போட்டா. ஒங்கிட்ட சொல்லலயா?"

"சொன்னாங்க மாமா."

அவர் தலையை ஆட்டினார். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, தன் பாய்க்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.